ஸ்டேஷனில் லத்தி அடி, இப்போது சிறுநீர் கறுத்துப் போகிறது: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

செல்வி (லிங்கராஜபுரம்) கேட்டது:

விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்கள். பெங்களூரில் இருக்கிறோம். என் தம்பிக்கு 24 வயது, பெயிண்டிங் வேலைக்குப் போகிறான். ஊரின் இன்னொரு கோடியில் வேலையை முடித்துவிட்டு வரும்போது டீக்கடை வாசலில் யாரோ அடித்துக்கொண்டார்களாம், அங்கே நின்ற இவனையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். இரவு முழுக்க ஸ்டேஷனில் வைத்துத் தொடையிலும் பின்பக்கத்திலும் உள்ளங்காலிலும் லத்தியால் அடித்திருக்கிறார்கள். கன்னத்தில் அறைந்ததிலிருந்து இடது காதில் ஒரே இரைச்சல் என்கிறான். விடிந்ததும் ஒரு காகிதமும் தராமல், வெளியே வாயைத் திறந்தால் கேஸ் போடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுத மாட்டேன்.

எலும்பு எதுவும் உடைந்த மாதிரி இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறான். ஆனால் நேற்று சாயங்காலத்திலிருந்து சிறுநீர் பால் விடாத டீ மாதிரி வருகிறது, அதுவும் கொஞ்சமாகத்தான். அம்மா உடம்புச் சூடு என்று இளநீராகக் கொடுக்கிறார். நல்லெண்ணெய் காய்ச்சித் தொடையை உருவிவிட்டால் ரத்தக்கட்டு கரைந்துவிடும் என்கிறார் பெரியம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தகவல் போகும், மறுபடி வந்து தூக்கிவிடுவார்கள் என்று தம்பி அசைய மறுக்கிறான். வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா, இல்லை எந்த டாக்டரிடம் போக வேண்டும்?

மேரி சிஸ்டர் (டயாலிசிஸ் நர்ஸ்):

செல்வி, வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை இது. இதைப் படித்ததும் ஆட்டோ பிடியுங்கள். கிளினிக் வேண்டாம், கேஷுவாலிட்டியும் டயாலிசிஸும் ஒரே இடத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் விக்டோரியா, பவுரிங். சிறுநீரகத்துக்கென்றே தனியாக இருக்கும் நெப்ரோ யூராலஜி நிறுவனமும் விக்டோரியா வளாகத்தில்தான் இருக்கிறது.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தொடையும் பின்பக்கமும் உடம்பிலேயே பெரிய தசைகள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடி விழும்போது உள்ளே தசை செல்கள் உடைந்து, அவற்றிலிருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கிறது. நீங்கள் சொல்லும் அந்தக் கறுத்த நிறம் பெரும்பாலும் அதுதான். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். 1941ல் லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கு அடியில் மாட்டி மீட்கப்பட்டவர்கள், வெளியே பெரிய காயம் தெரியாமலே சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைப் பார்த்துத்தான் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு டாக்டர்கள் இதை முதலில் தெளிவாக எழுதினார்கள். இடிந்த சுவர் செய்வதை லத்தியும் செய்யும். எலும்பு உடையவில்லை, நடக்கிறான் என்பதெல்லாம் இதில் ஒரு பொருட்டே இல்லை.

போனதும் சி.பி.கே. (தசை எவ்வளவு உடைந்திருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சி.பி.கே. சாதாரணமாக 200க்குள் இருக்கும், 5000ஐத் தாண்டினாலே சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்வோம். சிறுநீரில் குச்சி வைத்துப் பார்த்தால் ரத்தம் இருப்பதாகக் காட்டும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. அப்படி வந்தால் இது தசையிலிருந்து வந்தது என்று டாக்டருக்குப் புரிந்துவிடும்.

டைக்ளோஃபினாக்கை உடனே நிறுத்துங்கள், ஐபுப்ரோஃபென்னும் கூடாது. ஏற்கெனவே அடி வாங்கிய சிறுநீரகத்தை இவை இன்னும் கெடுக்கும். இளநீரும் வேண்டாம். அம்மா பாசத்தில்தான் கொடுக்கிறார், ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். உடைந்த தசையும் பொட்டாசியத்தை ரத்தத்தில் கொட்டுகிறது, சிறுநீரகமோ அதை வெளியேற்ற முடியாத நிலையில் இருக்கிறது. பொட்டாசியம் எகிறினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். சிறுநீரகம் கெட்டு இறப்பதற்கு முன்னால் இதயம் நின்று இறப்பவர்கள் இதில் உண்டு. பழ ஜூஸுக்கும் இதே கதைதான். உருவிவிடவும் கூடாது. புதிதாக நசுங்கிய தசையை அழுத்தித் தேய்த்தால் ரத்தக்கசிவு கூடும், சிலருக்குப் பின்னாளில் அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு மாதிரி படிந்துவிடுகிறது.

இன்னொன்று, வயிற்றில் அடி விழுந்ததா, தலையில் விழுந்ததா என்று தனியாகக் கேளுங்கள். ஆண்பிள்ளைகள் இதை வெட்கப்பட்டு மறைப்பார்கள். இடது விலாவுக்குக் கீழே அடிபட்டு மண்ணீரல் கிழிந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட உள்ளே ரத்தம் கொட்டலாம், இடது தோளில் வலிக்கிறது என்பதுகூட அதன் அறிகுறிதான். தலையில் அடி என்றால் வாந்தி, விடாத தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாஸ்கர், அல்சூர்:

சிஸ்டர் சொன்னதற்கு மேலே எனக்குச் சொல்லத் தெரியாது, காதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் மாமாவுக்கு இதே மாதிரி ஒரு அறையில் செவிப்பறை கிழிந்தது. உள்ளங்கை காதை மூடுகிற மாதிரி விழும்போது உள்ளே காற்று அழுந்திக் கிழிந்துவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். பூண்டு எண்ணெய், சொட்டு மருந்து எதையும் காதில் விடாதீர்கள், தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்கிறது. ஆனால் காதுக்குள் பார்த்து எழுதி வாங்குவதையும் ஆடியோகிராம் எடுப்பதையும் இப்போதே செய்யுங்கள். மூடிக்கொண்ட பிறகு, கிழிந்தது என்று நீங்கள் சொன்னால் நம்ப ஆள் இருக்காது. மாமா விஷயத்தில் அதுதான் நடந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் கொதிக்கிறது.

கோவிந்தன்:

ஆஸ்பத்திரிக்கு அவசியம் போங்கள், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் அம்மா, போலீஸ் அடித்தது என்று சொல்லாதீர்கள், பைக்கிலிருந்து விழுந்தான் என்று சொல்லிவிடுங்கள். நான் இந்த ஊரில் 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்தவன். பிழைக்க வந்த இடத்தில் ஸ்டேஷனோடு வம்பு வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் நிம்மதியாக இருந்ததில்லை. பையனின் உயிர் முக்கியம், கேஸ் கீஸ் எல்லாம் நமக்கு எதற்கு? கோழை என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மேரி சிஸ்டர்:

கோவிந்தன் ஐயா, உங்களைக் கோழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்தப் பொய் உயிருக்கே உலை வைக்கும். பைக்கிலிருந்து விழுந்தான் என்றால் டாக்டர் எதைத் தேடுவார்? எக்ஸ்ரே எடுப்பார், எலும்பு சரியாக இருக்கிறது என்பார், வலி ஊசி போட்டு அனுப்பிவிடுவார். அந்த வலி ஊசியும் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்காகத்தான் இருக்கும். இரவு முழுக்கத் தொடையில் தடியால் அடித்தார்கள் என்று சொன்னால்தான் சி.பி.கே. எழுதத் தோன்றும். எங்கள் யூனிட்டுக்கு டயாலிசிஸுக்கு வந்த சிலரை எனக்குத் தெரியும், வேறெங்கோ முதலில் போய் விழுந்துவிட்டேன் என்று சொல்லி, நாள் கடந்து வந்தவர்கள். யார் அடித்தார்கள் என்பதைக்கூட அப்புறம் பார்க்கலாம், எதனால், எங்கெங்கே, எவ்வளவு நேரம் அடித்தார்கள் என்பதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

வக்கீல் தேவி:

நான் பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட் பக்கம் பிராக்டீஸ் செய்கிறேன். கோவிந்தன் ஐயா சொன்ன பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உண்மையைச் சொல்லாமல் இருந்தால் போலீஸ் விட்டுவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நாளைக்கே தம்பி மீது அரசு ஊழியரைத் தாக்கி வேலையைத் தடுத்தார் என்று பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 132வது பிரிவில் ஒரு கேஸ் வரலாம், அப்போது உங்கள் கையில் பைக்கிலிருந்து விழுந்ததாக நீங்களே சொல்லி எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டுதான் இருக்கும். முதல் நாள் டாக்டரிடம் சொன்ன வார்த்தைக்குக் கோர்ட்டில் இருக்கிற மதிப்பு, ஆறு மாதம் கழித்து நான் எழுதும் எந்த மனுவுக்கும் கிடையாது.

கேஷுவாலிட்டியில் எம்.எல்.சி., அதாவது சட்டத் தொடர்புள்ள காயம் என்ற மருத்துவப் பதிவு, போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) என்று கேட்போமே, இங்கே அதன் இடத்தில் வூண்ட் சர்டிபிகேட், அதாவது காயச் சான்று, என்பார்கள். போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சட்ட நடைமுறை எதற்கும் காத்திருக்காமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று 1989லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது அரசு, தனியார் எல்லா டாக்டருக்கும் பொருந்தும். எழுதும்போது ஒவ்வொரு காயத்தின் இடம், நீளம், அகலம், நிறம் வர வேண்டும். உருளைத் தடியால் அடித்தால் இரண்டு இணைகோடாகக் கன்றிப் போய் நடுவில் வெளுத்திருக்கும், தடயவியல் டாக்டர்கள் அதை டிராம் லைன் காயம் என்பார்கள். கீழே விழுந்து அப்படி வராது. அந்தக் கோடுகள் சில நாளில் கலங்கிவிடும், அதனால் இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, ஒரு படத்திலாவது முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி. நம் போன்ற கருத்த தோலில் கன்றல் முதல் நாள் சரியாகத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் எடுங்கள். போனில் இருக்கிற மூலப் படத்தை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் போய் வந்தது போதாது. போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்.

இரவு முழுக்க வைத்திருந்து எதிலும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பது தனிக் குற்றச்சாட்டு. கைது என்றால் மெமோ, வீட்டுக்குத் தகவல், உடம்பிலுள்ள காயங்களைக் குறித்து, கைதானவரும் போலீஸ் அதிகாரியும் கையெழுத்திடுவது, காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று டி.கே. பாசு வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் விதித்தாயிற்று. ஆவணம் எதுவும் இல்லாத இந்த மாதிரி இரவுகளுக்கு கேமராதான் சாட்சி. 2020ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒலியும் படமும் பதிவாகிற கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும் என்றார்கள். நடைமுறையில் கேமரா பழுது என்று சொல்லிவிடுவார்கள், அதனால்தான் இந்தத் தேதி, இந்த நேரப் பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று கமிஷனருக்கு இப்போதே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பச் சொல்கிறேன். புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை ஒரு தடையில்லை. வாங்க மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில், அதற்கும் பதில் இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 175(3)ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். காசில்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி.

எப்போதாவது ரிமாண்டுக்குக் கொண்டுபோனால், ஜட்ஜ் முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் அரசு மருத்துவமனையில் பார்த்து, சிறைக்குப் போகலாம் என்று சான்று கொடுத்துத்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒருநாள் இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் அதை மறக்கவே கூடாது. அந்தச் சான்றை எழுதும் டாக்டர்தான் ஒருவனுக்கும் மரணத்துக்கும் நடுவில் நிற்கிற கடைசி ஆள்.

செல்வி:

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். அட்மிட் செய்துவிட்டார்கள். சி.பி.கே. 38,000, கிரியாட்டினின் 3.1, பொட்டாசியம் 5.9, மூன்றுமே அளவுக்கு மேல். சலைன் போய்க்கொண்டே இருக்கிறது, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று மணிக்கு மணி அளக்கிறார்கள். டயாலிசிஸ் தேவைப்படலாம், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறோம் என்றார் டாக்டர். இன்னும் ஒருநாள் வீட்டில் இருந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்ததை அம்மா முன்னால் முடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எம்.எல்.சி. எழுதியவர் ‘தாக்கப்பட்டதாகச் சொல்கிறார்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டார். யார் என்று எழுதுங்கள் என்றால், அதெல்லாம் எங்கள் வேலை இல்லை என்றார். தம்பி சொன்ன வார்த்தையை அவன் சொன்னதாகவே எழுதுங்கள், நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம் என்று நின்றேன். கடைசியில் சீனியர் மேடம் வந்து, ‘போலீஸ் நிலையத்தில் போலீஸாரால் லத்தியால்’ என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். உள்ளங்காலில் மேலே ஒன்றும் தெரியவில்லை, அதனால் எழுத ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால் அங்கேதான் அவனுக்கு வலி அதிகம், காலைத் தரையில் வைத்தாலே கத்துகிறான்.

கதிர் (பிசியோதெரபிஸ்ட்):

மேலே தெரியவில்லை என்பது உள்ளங்கால் அடியில் சகஜம். தோல் தடிப்பு, கன்றல் சீக்கிரம் மறைந்துவிடும். குதிகாலில் இருக்கிற கொழுப்பு மெத்தை நசுங்கி, பாத நடுவில் ஓடும் தசைநார்ப் பட்டையும் கெட்டுப்போகும், அதுதான் வருஷக்கணக்கில் வலிக்கும். சித்திரவதைக் காயங்களைப் பரிசோதிப்பதற்கென்று ஐ.நா. வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது, 1999ல் எழுதி 2022ல் திருத்தினார்கள். அதில் இந்த அடிக்குப் ‘ஃபலாங்கா’ என்றே பெயர் இருக்கிறது. உடம்பில் தடயம் இல்லை என்பதால் சித்திரவதை நடக்கவில்லை என்று முடிவு செய்யக் கூடாது என்றும் அதில் தெளிவாக இருக்கிறது. டாக்டரிடம் அதைச் சொல்லி, அழுத்தினால் எங்கே வலிக்கிறது, நடை எப்படி மாறியிருக்கிறது என்பதையாவது எழுதச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் உள்ளே தெரிய வாய்ப்பு இருக்கிறது.

ஒன்றை மட்டும் இன்றிரவே கவனியுங்கள். கெண்டைக்காலோ பாதமோ தொடையோ விறைத்து இறுகி, விரலை நீங்கள் லேசாக மடக்கி நீட்டினாலே உயிர் போகிற வலி, மரத்துப்போவது என்று வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீக்கத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கிறது என்று அர்த்தம். சில மணி நேரத்துக்குள் தசையைச் சுற்றியிருக்கும் உறையை ஆபரேஷனில் கிழித்து அழுத்தத்தை இறக்காவிட்டால் அந்தத் தசை செத்துவிடும். சலைன் நிறைய ஏற்றும்போது வீக்கம் கூடவும் செய்யும். நம் ஊரிலேயே 2021ல் வர்த்தூர் பக்கம் பேட்டரித் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்த 22 வயதுப் பையனுக்கு ஒரு கையையே எடுக்க வேண்டி வந்தது. போலீஸ் அடித்ததால்தான் என்று அவர் குற்றம் சாட்டியது செய்தியில் வந்தது. காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

சிறுநீரகம் பெரும்பாலும் சில வாரத்தில் தேறிவிடும், அதுவரை டயாலிசிஸ் செய்தாலும் வாழ்நாள் முழுக்க என்று பயப்பட வேண்டாம். தூக்கம்தான் நெடுநாள் பிரச்சினை. ஜீப் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, வெளியே போக மறுப்பது எல்லாம் வந்தால் தைரியமாக இரு என்று சொல்லி விட்டுவிடாதீர்கள், நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் காட்டுங்கள். அந்தச் சீட்டும் மருத்துவ ஆவணம்தான்.

செல்வி:

அண்ணா, காலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இதுவரை இறுகவில்லை. தேவி மேடம், ஒரு ஹெட் கான்ஸ்டபிள் வந்திருக்கிறார். தம்பியிடம் ஏதோ கேட்டுக் கன்னடத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். எங்களுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. போடலாமா?

வக்கீல் தேவி:

போடாதீர்கள். இது புகாரா, விசாரணை வாக்குமூலமா என்று முதலில் கேளுங்கள். விசாரணையில் போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்பதே சட்டம், பி.என்.எஸ்.எஸ். 181. புகார் என்றால் முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘விழுந்துவிட்டேன்’, ‘புகார் எதுவும் இல்லை’ என்று எங்காவது வருகிறதா என்று கவனியுங்கள், முடிந்தால் அந்த சீனியர் டாக்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தம்பி மருந்து மயக்கத்தில் இருந்தால், இவர் இப்போது வாக்குமூலம் கொடுக்கும் நிலையில் இல்லை என்று டாக்டரே எழுதித் தரலாம், அதைக் கேளுங்கள். நம் புகாரைத் தமிழிலேயே எழுதி உங்கள் வார்த்தையில் எனக்கு அனுப்புங்கள், நான் கன்னடத்தில் தயார் செய்து வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போட்டால் போதும். எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும், அதையும் வாங்காமல் விடாதீர்கள். வந்தவர் பெயர், நம்பர், வந்த நேரம் குறித்து வையுங்கள். நான் நாளை காலை கோர்ட்டுக்குப் போகும் முன்பு வார்டுக்கு வருகிறேன்.